பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர்: எதைச் சோதிப்பது, எவ்வளவு கொடுப்பது

கேள்வி இதுதான். 1980-களின் தொடக்கத்து ஜப்பானிய இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபையர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சானலுக்கு 60 வாட், எடை 11 கிலோ, விலை 28,000 ரூபாய். விற்பவர் “ஒரிஜினல் கண்டிஷன், இதுவரை யாரும் கை வைத்ததில்லை” என்கிறார். இதைவிடக் குறைந்த விலையில் உள்ளங்கையளவு புதிய கிளாஸ் டி (ஸ்விட்சிங் முறையில் இயங்கும்) ஆம்ப் “300 வாட்” என்று கிடைக்கிறது. வீட்டில் 87 டெசிபெல் உணர்திறன் உள்ள 8 ஓம் ஸ்பீக்கர் ஜோடி, 12-க்கு 14 அடி அறை. பழையதை வாங்கலாமா, வாங்குமுன் எப்படிச் சோதிப்பது?

வாங்கலாம், ஆனால் பெயருக்கும் பளபளப்பான முகப்புக்கும் காசு கொடுக்க வேண்டாம். இந்த மாதிரிப் பெட்டியில் காசு பெறுவது இரண்டே விஷயம்: பவர் சப்ளையும் அவுட்புட் பகுதியும் நலமாக இருப்பது, கெட்டால் மாற்ற பாகம் கிடைப்பது. இரண்டையும் ஒரு மல்டிமீட்டரும் ஒரு மணி நேரமும் இருந்தால் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். “யாரும் கை வைத்ததில்லை” என்பதை நாற்பது வருடப் பெட்டிக்கு நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களுக்கும் நாற்பது வயது என்றுதான் அதற்குப் பொருள்.

வாட் என்ற எண்

பேரத்தில் ஆளை அதிகம் ஏமாற்றுவது இந்த எண்தான். அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-இல் ஒரு விதி கொண்டுவந்தது. வீட்டு ஆம்ப்ளிஃபையருக்கு வாட் போட்டு விளம்பரம் செய்தால், எத்தனை ஓமில், எந்த அதிர்வெண் வரம்பில், எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் (சிக்னல் சிதைவில்) அந்த வாட் தொடர்ச்சியாக வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அளக்கும்போது இரண்டு சானலும் சேர்ந்து ஓட வேண்டும். அளப்பதற்கு முன் மூன்றில் ஒரு பங்கு பவரில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடேற்ற வேண்டும் என்பதும் அந்த விதியில் இருந்தது. இந்த மாதிரிப் பழைய பெட்டிகளின் வகையான கிளாஸ் ஏபி ஆம்ப் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் அதிகம் சூடாகும் என்பதால், சூட்டை வெளியேற்றும் உலோகத் துடுப்பான ஹீட் சிங்க்கில் மிச்சம் பிடித்த தயாரிப்பாளர்கள் மாட்டிக்கொண்டார்கள். அமெரிக்கச் சந்தையை மனதில் வைத்துச் செய்த 70, 80-களின் ஜப்பானிய ஆம்ப்புகளில் வாட் எண் பெரும்பாலும் நேர்மையாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். “8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், இரண்டு சானலும் ஓட, 0.05% டிஸ்டார்ஷன்” என்று மேனுவலில் நீட்டி முழக்கியிருந்தால் நல்ல அறிகுறி. வெறுமனே பிஎம்பிஓ (கணநேர உச்சம் என்று ஊதிக் காட்டும் விளம்பர வாட்) என்று போட்டிருந்தால் அதைப் படிக்காமலே விட்டுவிடலாம்.

எண்ணை நம்பாமல் நாமே கணக்குப் போடவும் முடியும். உள்ளே இருக்கும் இரண்டு பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களின் டிசி வோல்டேஜைப் பாருங்கள். உங்கள் பெட்டியில் அது ±42 வோல்ட் என்று வையுங்கள். முழு பவரில் அது ±36 அளவுக்கு இறங்கும். ட்ரான்சிஸ்டர்களிலும் எமிட்டர் ரெசிஸ்டரிலும் இன்னொரு 4 வோல்ட் போகும். மிஞ்சுவது 32 வோல்ட் உச்சம். 32-ஐ 32-ஆல் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரண்டு மடங்கான 16-ஆல் வகுத்தால் 64 வாட். ஆக, 60 வாட் என்று போட்டது நியாயமான எண்.

இதே கணக்கை 12-0-12 ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டு “500 வாட்” என்று விற்கும் அசெம்பிள்டு செட்டுக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட் ஏசி டிசியாக மாறினால் சுமார் 17. இழப்பு போக 14. எட்டு ஓமில் 12 வாட், நாலு ஓமில் 24 வாட். டப்பாவின் மேல் என்ன எழுதினாலும் 17 வோல்ட்டிலிருந்து அதற்கு மேல் கறக்க முடியாது.

புதிய கிளாஸ் டி பெட்டிக்கும் விதிவிலக்கு கிடையாது. அவற்றில் பலவற்றில் இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் டிபிஏ3255 சிப். உண்மையிலேயே நல்ல சிப். சானலுக்கு 300 வாட் என்ற எண் 4 ஓம் ஸ்பீக்கர், 50 வோல்ட்டுக்கு மேல் சப்ளை, 10% டிஸ்டார்ஷன் என்ற மூன்றும் சேர்ந்தால் வருவது. கூடவே கொடுக்கும் அடாப்டர் 32 வோல்ட் 5 ஆம்பியர் என்றால் மொத்தமே 160 வாட்தான், அதுவும் இரண்டு சானலுக்கும் சேர்த்து. உங்கள் 8 ஓம் ஸ்பீக்கரில் சானலுக்கு 55 வாட் பக்கம் நிற்கும். அதாவது நீங்கள் ஒப்பிடும் இரண்டு பெட்டிகளுக்கும் உங்கள் வீட்டில் பவர் ஏறக்குறைய ஒன்றே.

அந்த அளவு உங்களுக்குப் போதுமா? 87 டெசிபெல் ஸ்பீக்கர் ஜோடிக்கு ஆளுக்கு 1 வாட் கொடுத்தால், எட்டு அடி தள்ளி உட்காருபவர் காதில் சுமார் 84 டெசிபெல் விழும். வீட்டில் சாதாரணமாகக் கேட்பது 75 முதல் 80. ஆகவே சராசரியாக நீங்கள் செலவழிப்பது அரை வாட்டுக்கும் கீழே. தவில் அடியோ டிரம்ஸோ ஒரு கணம் 100 டெசிபெல்லைத் தொட வேண்டுமென்றால் 40 வாட் வேண்டும். 60 வாட்டில் அது அடங்கும். 60-லிருந்து 120-க்குப் போனாலும் கிடைக்கும் கூடுதல் வெறும் 3 டெசிபெல். அதற்காக விலையை இரட்டிப்பாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1978-இல் வந்த என்ஏடி 3020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். போட்டிருந்த எண் சானலுக்கு 20 வாட். ஆனால் இசையின் கணநேர உச்சங்களில் அதைப் போல இரண்டு மடங்கு தாண்டிக் கொடுக்கும்படியும், குறைந்த ஓம் ஸ்பீக்கருக்குக் கரண்டை வஞ்சனையில்லாமல் தள்ளும்படியும் வடிவமைத்திருந்தார்கள். முகப்பில் 40 வாட் போட்ட பலவற்றை அது மிஞ்சியதற்கு அதுவே காரணம்.

இன்னொரு பொய்யையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். “வால்யூம் கால்வாசி திருப்பினாலே வீடு அதிருது, அவ்வளவு பவர்” என்பார்கள். அது பவர் இல்லை, கெயின், அதாவது வரும் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது. அந்தக் காலத்து ஆம்ப்புக்கு முழு பவர் கொடுக்க லைன் இன்புட்டில் 150 மில்லிவோல்ட் போதும். இன்றைய டாக் (டிஜிட்டல் இசையை அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டி), சிடி பிளேயர் கொடுப்பது 2 வோல்ட். 22 டெசிபெல் கூடுதல் சிக்னலைத் திணிக்கிறோம். அதனால்தான் குமிழ் ஒன்பது மணி நிலையைத் தாண்டுவதற்குள் முழு பவர் வந்து கிளிப் ஆகிறது, அதாவது அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. வால்யூம் கன்ட்ரோலின் அடிப்பகுதியில் இடது வலது டிராக்குகள் சரியாகப் பொருந்தாததால் சத்தம் குறைவாக வைக்கும்போது ஒரு பக்கம் தூக்கலாகவும் கேட்கும். ஆம்ப் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். நடுவில் 10 முதல் 20 டெசிபெல் குறைக்கும் அட்டெனுவேட்டர் போட்டாலோ, டாக்கிலேயே லெவலைக் குறைத்தாலோ சரியாகிவிடும்.

பிளக்கைச் சொருகும் முன்

பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். ஜப்பானின் உள்நாட்டு மாடல் 100 வோல்ட், அமெரிக்க மாடல் 120 வோல்ட். இதை நம் 230-இல் சொருகினால் ட்ரான்ஸ்ஃபார்மர் போச்சு. வோல்டேஜ் செலக்டர் இருந்தால் எதில் நிற்கிறது என்று பாருங்கள். 100 வோல்ட் பெட்டியை 110 கொடுக்கும் சாதாரண ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மரில் ஓட்டினால் உள்ளே எல்லா வோல்டேஜும் 10% ஏறி, ஏற்கெனவே வயதான கெப்பாசிட்டர்கள் எல்லைக்குப் போய்விடும். சரியாக 100 கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபார்மரே வேண்டும். அதன் செலவையும் விலையில் கழியுங்கள்.

சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, பிளக்கின் ஒவ்வொரு முனைக்கும் சேசிஸ் உலோகத்துக்கும் நடுவே ஓம் அளவு பாருங்கள். மெகாஓம் கணக்கில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே காட்டினால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

மூடியைத் திறக்க விற்பவர் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் அந்த விலை கிடையாது, அவ்வளவுதான். உள்ளே முதலில் மூக்கு வேலை செய்யட்டும்: கருகல் வாடை வந்தால் எதையோ எரித்திருக்கிறார்கள், லேசான மீன் வாடை வந்தால் கெப்பாசிட்டர் கசிந்திருக்கிறது. பிறகு ஃபியூஸ்கள். கண்ணாடி ஃபியூஸின் தொப்பியில் அச்சடித்த ஆம்பியரும் போர்டில் அச்சடித்த ஆம்பியரும் ஒன்றா? ஃபியூஸைச் சுற்றிச் செம்புக் கம்பி கட்டியிருந்தால், மூல காரணத்தைத் தேடாமல் ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கால ஜப்பானிய போர்டுகளில் பெரிய கெப்பாசிட்டர்களை ஒட்ட ஒரு பசை போடுவார்கள். புதிதில் வெளிர் மஞ்சள். வருடக் கணக்கில் சூடு பட்டால் கரும்பழுப்பாகிக் கரண்டைக் கடத்தத் தொடங்கும். ரெசிஸ்டர், டையோடு கால்களையும் அரித்துவிடும். சுரண்டி எடுத்துத் துடைத்தால் பல பெட்டிகள் பிழைத்துக்கொள்ளும், ஆனால் அரித்த கால்களை மாற்ற வேண்டும்.

ஹீட் சிங்க்கில் உள்ள அவுட்புட் ட்ரான்சிஸ்டர்களைப் பாருங்கள். இரண்டு சானலிலும் ஒரே கம்பெனி, ஒரே எழுத்துரு என்றால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் புதிதாக மின்னினால் அந்தச் சானல் ஒருமுறை வெடித்திருக்கிறது. பழுது பார்த்தது குற்றமில்லை. எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி. அவுட்புட் ஷார்ட் ஆனால் பெரும்பாலும் டிரைவர் ட்ரான்சிஸ்டரையும் எமிட்டர் ரெசிஸ்டரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். அவற்றையும் மாற்றினார்களா என்று கேளுங்கள். மாற்றுக்குப் போட்டது தோஷிபாவின் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடி என்றால் இன்னொரு எச்சரிக்கை: உலகத்தில் மிக அதிகம் போலி செய்யப்படும் ட்ரான்சிஸ்டர்களில் இவை அடங்கும். போலி சும்மா இருக்கும்போது நன்றாகப் பாடும், சத்தம் ஏற்றிய அன்று ஷார்ட் ஆகும்.

தனித்தனி ட்ரான்சிஸ்டர் இல்லாமல், வரிசையாகப் பல கால்கள் உள்ள அகலமான ஒற்றைக் கட்டி ஹீட் சிங்க்கில் திருகப்பட்டிருந்தால் அது சான்யோவின் எஸ்டிகே வகை ஹைப்ரிட். அதன் உற்பத்தி நின்றுவிட்டது. சந்தையில் கிடைப்பதில் போலிகள் ஏராளம். அது வேலை செய்யும் வரை குறையில்லை. போனால் பெட்டி போன மாதிரி என்று வைத்து விலை பேசுங்கள். சோனி, யமஹா 70-களில் சில மாடல்களில் போட்ட வி-ஃபெட் என்ற தனி வகை ட்ரான்சிஸ்டர்களுக்கும் இதே கதை. அவற்றை விரும்பி வாங்குபவர்கள் தெரிந்தே ரிஸ்க் எடுக்கிறார்கள்.

முதல் முறை ஆன் செய்வது

நீண்ட நாள் மூட்டை கட்டி வைத்த பெட்டிக்கு எடுத்த எடுப்பில் 230 கொடுக்கக் கூடாது. சீரிஸ் பல்பு போர்டு வைத்துச் செய்யுங்கள்: ஃபேஸ் லைனில், ஆம்ப்புக்கு முன் சீரிஸாக ஒரு 100 வாட் இழை பல்பு. எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஸ்பீக்கர் மாட்ட வேண்டாம், வால்யூம் பூஜ்யம். ஆன் செய்ததும் பல்பு பளீரென்று எரிந்து, இரண்டு மூன்று நொடியில் மங்கி இழை சிவப்பாகவோ அணைந்தோ போனால் சரி. ஃபில்டர் கெப்பாசிட்டர் நிரம்பும் கரண்ட்தான் அந்தப் பளீர். தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்துங்கள். பல்பு சீரிஸில் இருக்கும்போது ப்ரொடெக்‌ஷன் ரிலே (எல்லாம் சரியென்றால் மட்டும் ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) “டிக்” என்று விழாமல் போகலாம், வோல்டேஜ் குறைவு என்பதால்.

பல்பைத் தாண்டியதும் நேரடி மெயின்ஸ். மூன்று முதல் எட்டு நொடிக்குள் ரிலே விழ வேண்டும். விழவே இல்லையென்றால் பெரும்பாலும் ஸ்பீக்கர் முனையில் டிசி வருகிறது, ப்ரொடெக்‌ஷன் தன் வேலையைச் செய்கிறது.

இப்போது மீட்டரை டிசி 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் ஒவ்வொரு சானலாக அளக்க வேண்டும். ஆஃப்செட் எனப்படும் இந்த எண் 30 மில்லிவோல்ட்டுக்குக் கீழே என்றால் திருப்தி. 50 வரை பொறுத்துக்கொள்ளலாம். 100-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும்: முதல் நிலை ட்ரான்சிஸ்டர் ஜோடி பொருத்தம் இழந்திருக்கலாம், ஃபீட்பேக் பாதைக் கெப்பாசிட்டர் கசியலாம். பத்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். நிலையாக 40 காட்டுவதைவிட 10-க்கும் 90-க்கும் இடையே அலைவது மோசம். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டு, அவுட்புட் ட்ரான்சிஸ்டரும் ஷார்ட் ஆனால் 40 வோல்ட்டும் ஸ்பீக்கருக்குப் போகும். 8 ஓம் ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் டிசிக்குச் சுமார் 6 ஓம்தான்; அதில் அது 260 வாட்டுக்கு மேல். சில நொடியில் காயில் கருகிவிடும். ஸ்பீக்கரைக் கடைசியில் மாட்டச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது பயாஸ், அதாவது சிக்னல் இல்லாதபோதும் அவுட்புட் ட்ரான்சிஸ்டரில் ஓடவிடும் சிறு கரண்ட். அவுட்புட் ட்ரான்சிஸ்டர் அருகே வெள்ளை சிமென்ட் கட்டி போல ஒரு ரெசிஸ்டர் இருக்கும், பெரும்பாலும் 0.22 ஓம். சிக்னல் இல்லாமல் கால் மணி நேரம் ஓடவிட்டு அதன் இரு முனையிலும் மில்லிவோல்ட் அளங்கள். சரியான எண் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பொதுவாக 5 முதல் 10 மில்லிவோல்ட், அதாவது 23 முதல் 45 மில்லிஆம்பியர். எண்ணைவிட முக்கியம், இரண்டு சானலும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது. பழைய ஆம்ப்பைச் சோதிக்கும்போது இரண்டு சானலும் ஒன்றுக்கொன்று உரைகல். மேனுவல் இல்லாவிட்டாலும் இடதில் 7, வலதில் 7.5 என்றால் நிம்மதி. இடதில் 7, வலதில் 31 என்றால் வலது பக்கம் சிக்கல். வித்தியாசம் தெரிந்ததும் டிரிம்மரைத் திருப்பிச் சரிசெய்யக் கை பரபரக்கும். விற்பவர் வீட்டில் அதைச் செய்யாதீர்கள். நாற்பது வருட டிரிம்மரின் நடு முனை ஒரு கணம் தொடர்பு விட்டால் சில சர்க்யூட்டுகளில் பயாஸ் எகிறி அவுட்புட் முழுவதும் போய்விடும். அந்த வயதுப் பெட்டிகளில் விடி1212 போன்ற பயாஸ் டையோடுகள் விரிசல் விட்டும் இதே விபத்து நடக்கும். நல்ல சர்வீஸ்காரர் இவற்றைக் கேட்காமலே மாற்றுவார்.

ஃபில்டர் கெப்பாசிட்டருக்கு ரிப்பிள் (டிசியில் மிஞ்சியிருக்கும் ஏசி அலை) சோதனை. அதன் இரு முனையில் மீட்டரை ஏசியில் வைத்து அளக்க வேண்டும். 10,000 மைக்ரோஃபாரட், சும்மா ஓடும்போது கால் ஆம்பியர் என்றால் சுமார் 70 மில்லிவோல்ட் வரும். பிளஸ் பக்கம் 70, மைனஸ் பக்கம் 300 என்றால் மைனஸ் பக்கக் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படலாம். ஆனால் எல்லாக் கடையிலும் தொங்கும் மஞ்சள் நிற டிடி830 மீட்டர் இதற்கு ஆகாது. அதன் மிகக் குறைந்த ஏசி ரேஞ்ச் 200 வோல்ட். போதாக்குறைக்கு டிசியையும் ஏசி என்று காட்டும். கம்பியை மாற்றிப் பிடித்தால் எண் மாறினால் உங்கள் மீட்டரும் அந்த ரகம்தான். மில்லிவோல்ட் ஏசி உள்ள மீட்டர் கொண்டுபோங்கள்.

வேலை முடிந்ததும் கெப்பாசிட்டரில் தங்கிய சார்ஜை ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிட வேண்டாம். 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டரைச் சில நொடிகள் குறுக்கே பிடித்தால் அமைதியாக இறங்கிவிடும்.

காதால் சோதிப்பது

ஸ்பீக்கர் மாட்டிய பிறகு, பாட்டுப் போடுமுன் ட்வீட்டர் அருகே காதை வைத்துக் கேளுங்கள். ஹம் வருகிறதா? வால்யூமைத் திருப்பினால் அதுவும் கூடுகிறதா? கூடினால் சிக்கல் வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னே: கேபிள், எர்த் லூப், இன்புட். கூடாமல் ஒரே மாதிரி நின்றால் பின்னே, அதாவது பவர் ஆம்ப் அல்லது ஃபில்டர். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் எர்த் லூப் அடிப்பது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸில், அடித்தொண்டை முனகல் போல. ஃபில்டர் போனால் 100 ஹெர்ட்ஸ், ஒரு ஸ்தாயி மேலே, கொஞ்சம் கரகரப்போடு. உஸ் என்ற சத்தத்தோடு இடையிடையே பட்பட் என்று பொரிவது போலக் கேட்டால் வயதான சின்ன சிக்னல் ட்ரான்சிஸ்டர். 2எஸ்சி458, 2எஸ்ஏ726 ஆகிய இரண்டும் இதற்குப் பேர் போனவை. மாற்றுவது மலிவு, ஆனால் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

பாட்டை மிகக் குறைந்த சத்தத்தில் வைக்கும்போது ஒரு சானல் மங்கி அல்லது காணாமல் போய், சத்தத்தை ஏற்றியதும் “பட்” என்று திரும்பி வந்தால், வால்யூமைக் குறை சொல்ல வேண்டாம். ஸ்பீக்கர் ரிலேயின் முனைகள் கருத்திருக்கின்றன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சில மாதம் ஓடும், மேல்பூச்சு போய்விடும். புதிய ரிலே சில நூறு ரூபாய்தான், அதையே மாற்றுங்கள். பழைய ஆம்ப்பில் நான் “அவுட்புட் போச்சு” என்ற புகாருக்கு முதலில் சந்தேகிக்கும் பாகமும் இதுதான்.

வால்யூமைத் திருப்பும்போது கரகரத்து, பலமுறை திருப்பினால் குறைந்தால் தூசு. எலக்ட்ரானிக்ஸ் கான்டாக்ட் கிளீனர் போதும். துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை உள்ளே அடிக்காதீர்கள். கிளீனர் அடித்தும் அதே இடத்தில் கரகரத்தால் வால்யூமுக்கு டிசி வருகிறது. முந்தைய நிலையின் கப்ளிங் கெப்பாசிட்டர் கசிகிறது.

பாட்டு ஓடும்போதே ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் சேசிஸை அங்கங்கே தட்டுங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் டிரை சால்டர், அதாவது பிடிப்பு விட்ட பற்றவைப்பு. மலிவான பழுது, பேரத்துக்கு நல்ல ஆயுதம்.

எந்த இசை? பயாஸ் குறைந்த ஆம்ப் தன்னைக் காட்டிக்கொடுப்பது பெரிய சத்தத்தில் இல்லை, சின்னச் சத்தத்தில். வீணையில் ஒரு ஸ்வரம் மீட்டி அது தேய்ந்து மறையும் இடத்தைக் குறைந்த வால்யூமில் கேளுங்கள். கடைசிவரை வழுவழுப்பாக மறைய வேண்டும். தேயத் தேய மணல் உரசுவது போல ஆனால் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன், அதாவது அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் வரும் சிதைவு. மறு கோடிக்குத் தவில் தனி. வலந்தலையின் அடி ஒவ்வொன்றும் ஒரே கூர்மையோடு வர வேண்டும். சத்தம் ஏறும்போது அடி தட்டையாகி நாகஸ்வரமும் சேர்ந்து நெரிந்தால் கிளிப்பிங்கைத் தொட்டுவிட்டது. டெமோ காட்டும்போது லவுட்னெஸ் பட்டன் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஆம்ப்பின் “இதமான சத்தம்” என்று சிலாகிப்பதில் பாதி, கீழும் மேலும் சில டெசிபெல் தூக்கும் அந்தப் பட்டனும், பேஸை இரண்டு மணி நிலையில் வைத்த கையும்தான். எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டுக் கேளுங்கள். ஒரு மணி நேரம் ஓடிய பின் இரண்டு பக்க ஹீட் சிங்க்கையும் தொட்டுப் பாருங்கள். சூடு சமமாக இருக்க வேண்டும்.

வீட்டில் இருக்கும் ஆம்ப்போடு ஒப்பிட விரும்பினால் சத்தத்தைச் சமப்படுத்தாமல் ஒப்பிடாதீர்கள். அரை டெசிபெல் தூக்கலாக இருப்பது சத்தமாகத் தெரியாது, “தெளிவாக இருக்கிறது” என்று தோன்றும். 100 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்டேஜ் இரண்டு ஆம்ப்பிலும் 1 சதவீதத்துக்குள் வரும்படி வையுங்கள், அதுதான் 0.1 டெசிபெல். 2.83 வோல்ட் வைத்தால் 8 ஓமில் சரியாக 1 வாட். அமெரிக்காவில் ரிச்சர்ட் கிளார்க் என்பவர், இப்படிச் சமப்படுத்தி, கிளிப் ஆகாத அளவுக்குள் இரண்டு ஆம்ப்புகளைக் காதால் மட்டும் பிரித்துச் சொல்பவருக்கு 10,000 டாலர் என்று வருடக் கணக்கில் சவால் வைத்திருந்தார். பணத்தை யாரும் வாங்கிப் போகவில்லை. பழுதில்லாத, நன்றாக வடிவமைத்த இரண்டு ஆம்ப்புகளுக்கு நடுவே சத்த வித்தியாசம் மிகச் சிறியது என்பதே என் நிலைப்பாடும். வித்தியாசம் வரும் இடங்கள் வேறு: கிளிப்பிங், 4 ஓமுக்கும் கீழே இறங்கும் ஸ்பீக்கர், இரைச்சல், டோன் அமைப்பு, பழுது. டிஸ்டார்ஷன் 0.05-ஆ 0.005-ஆ என்பதில் சண்டை போடாதீர்கள், உங்கள் ஸ்பீக்கரே அதைவிட அதிகம் சேர்க்கிறது. டேம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கர் கூம்பை ஆம்ப் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்ற எண்) 50-க்கு மேல் எவ்வளவு இருந்தாலும் கேபிளின் ரெசிஸ்டன்ஸே அதை விழுங்கிவிடும்.

28,000 சரியா

முதலில், முழுமையாக சர்வீஸ் செய்த அதே மாடல் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று பாருங்கள். கேட்கும் விலை அல்ல, விற்று முடிந்த விலை. அந்தத் தொகை 28,000 என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் பெட்டி சர்வீஸ் ஆகாதது. சோதனை எல்லாவற்றிலும் தேறினாலும் சின்ன எலக்ட்ரோலிட்டிக்குகள், ரிலே, டிரிம்மர், ஹீட் சிங்க் கிரீஸ், கூலி என்று ஒரு செலவு நிச்சயம் உண்டு. பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டியதில்லை. பல நேரம் அவை நலமாக இருக்க, ஹீட் சிங்க்குக்கும் ரெகுலேட்டருக்கும் பக்கத்தில் வெந்துகொண்டிருந்த குட்டிக் கெப்பாசிட்டர்கள்தான் முதலில் போகும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும். மாற்றும்போது 105 டிகிரி வகை, அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்டேஜ். ஃபில்டரை மாற்றினால் 20% கூடலாம். “இன்னும் பேஸ் வரும்” என்று இரண்டு மடங்கு போட்டால் ரெக்டிஃபையரும் பவர் சுவிட்சும் அடி வாங்கும்.

இந்தச் செலவுக்கு நான் 7,000 கழிப்பேன். 20,000, 21,000 நியாயம். ஒரு சானலில் ஆஃப்செட்டோ பயாஸோ விலகியிருந்தால் பாதி விலைக்கு மேல் போகாதீர்கள், ஏனென்றால் காரணம் பத்து ரூபாய் டிரிம்மரா, அரித்துப் போன போர்டா என்பது திறந்து வேலை செய்த பிறகுதான் தெரியும். மெயின் ட்ரான்ஸ்ஃபார்மர் போயிருந்தால், அல்லது எஸ்டிகே இறந்திருந்தால், அது உதிரி பாக விலைக்கான பெட்டி. இன்புட் செலக்டர் சுவிட்ச், நாலு அடுக்கு வால்யூம், குமிழ்கள் ஆகியவை அந்த மாடலுக்கென்றே செய்தவை. சென்னை ரிச்சி தெரு முழுக்க அலைந்தாலும் கிடைக்காது. கீறலைப் பொறுத்துக்கொள்ளலாம், உடைந்த சுவிட்சைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

ரெக்கார்டு பிளேயர் வைத்திருந்தால் பழைய பெட்டியின் ஃபோனோ இன்புட்டே சில ஆயிரம் பெறும்; மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் மாட்டித் தனியாகச் சோதியுங்கள். ரெக்கார்டு இல்லை, ரிப்பேர்காரரும் பக்கத்தில் இல்லை, பாட்டு மட்டும் வேண்டும் என்றால் கிளாஸ் டி பெட்டியை வாங்குவதில் எந்த வெட்கமும் இல்லை. அடாப்டர் மட்டும் நல்லதாகப் பாருங்கள்.

வாங்கிவிட்டால், ஊர் விட்டு ஊர் வரும் வழியில் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பஸ் பார்சலில் 11 கிலோ பெட்டியைத் தலைகீழாக வைத்தால் ட்ரான்ஸ்ஃபார்மர் தன் போல்ட்டைப் பிய்த்துக்கொண்டு போர்டின் மேல் விழும். கட்டுமுன் அந்த நாலு போல்ட்டையும் இறுக்குங்கள், முன் குமிழ்களைக் கழற்றித் தனிப் பையில் போடுங்கள், ஒரு அட்டைப் பெட்டிக்குள் இன்னொன்று, நடுவே எல்லாப் பக்கமும் இரண்டு அங்குல தெர்மோகோல். முடிந்தால் நேரில் போய் காரின் பின் சீட்டில் எடுத்து வாருங்கள்.